‘வேண்டாம்’ என்று சொல்ல ஒரு பொத்தான்

வங்கியிலிருந்து ஆறு இலக்க ஓடிபி வருகிறது. திரையின் உச்சியில் சில நொடிகள் தெரிந்துவிட்டு மறைகிறது. அதைப் பார்த்து மனதில் நிறுத்த வேண்டும். விட்டுவந்த திரைக்குத் திரும்ப வேண்டும். சின்னக் கட்டங்களில் வரிசை பிசகாமல் அடிக்க வேண்டும். பக்கத்திலேயே ஒரு கடிகாரம் நொடிகளைக் குறைத்துக்கொண்டிருக்கும். இதைப் பாதுகாப்புப் பூட்டு என்கிறோம். நடைமுறையில் இது நினைவாற்றலுக்கு வைக்கப்படும் தேர்வு. நாளுக்குப் பலமுறை எழுதித் தேறிவிடுவதால் நமக்கு அது தேர்வாகத் தெரிவதில்லை.

தேறாதவர்கள் இருக்கிறார்கள். டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்து, முப்பது வயதில் தையல் கூடத்தில் வேலை பார்க்கும் பெண். ஆட்டிசம் உள்ள இளைஞர். தலைக்காயத்துக்குப் பிறகு எண்களின் வரிசை மனதில் தங்காமல் போனவர். பக்கவாதத்தில் சொற்களை இழந்தவர். மறதிநோயின் தொடக்கத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. அறிதிறன் குறைபாடு என்ற ஒற்றைப் பெயருக்குள் அடங்கும் இவர்களின் சிரமங்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒருவருக்கு நினைவு, ஒருவருக்குக் கவனம், ஒருவருக்கு வாசிப்பு, இன்னொருவருக்குத் திடீர் மாற்றம். பொதுவானது ஒன்றுதான்: சாய்தளம் இல்லாத படிக்கட்டின் முன்னால் சக்கர நாற்காலி நிற்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும், ஒரு திரையின் முன்னால் ஒரு மனம் நின்றுவிடுவது யார் கண்ணுக்கும் தெரியாது. “அதுக்கு ஒண்ணும் தெரியாது” என்று சொல்லி வீட்டார் கைபேசியை வாங்கிக்கொள்வார்கள்.

அந்த ‘அதுக்கு’ என்ற சொல்லில் கொஞ்சம் நிற்கலாம். நம் பேச்சுத் தமிழில் குழந்தைகள் ‘அது’ ஆவார்கள். பல வீடுகளில் மனைவியும் ‘அது’தான். வளர்ந்தபின் ஆண்பிள்ளை ‘அவன்’ ஆகிவிடுகிறான். அறிதிறன் குறைபாடுள்ள பெண்ணோ முப்பது வயதிலும் நாற்பது வயதிலும் ‘அது’வாகவே இருக்கிறாள். ‘ஊனமுற்றோர்’ என்பதை ‘மாற்றுத்திறனாளி’ என்று அரசு மாற்றிக்கொடுத்தது நல்ல காரியம். வீட்டுக்குள் வழங்கும் இந்த அஃறிணையை எந்த அரசாணையும் தொடவில்லை. அந்தப் பெண்ணின் கையில் ஒரு கைபேசியைக் கொடுப்பது பற்றிப் பேசுவதென்றால், அவளை உயர்திணையில் வைத்துப் பேசத் தொடங்குவதே முதல் வேலை.

குறை எங்கே இருக்கிறது?

குறை உடலிலா, படிக்கட்டிலா என்று கேட்டது மாற்றுத்திறனாளிகள் இயக்கம். பெண்ணியம் தன் வழியில் கேட்ட கேள்வியும் இதுதான்: பெண்ணின் இயல்பிலா, அவளுக்கென்று வகுக்கப்பட்ட இடத்திலா? கைபேசியிடமும் இதைக் கேட்கலாம்.

வலைத்தளங்களுக்கான தரவிதிகளை வகுக்கும் டபிள்யூ3சி என்ற உலக அமைப்பு 2021இல் அறிதிறன், கற்றல் குறைபாடுள்ளவர்களுக்கென்றே ஒரு வழிகாட்டி ஆவணத்தை வெளியிட்டது. பயனரின் நினைவாற்றலை நம்பி எந்த நடைமுறையையும் அமைக்காதீர்கள் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. 2023இல் வந்த அந்த அமைப்பின் தரவிதிகளில், உள்ளே நுழைவதற்கு நினைவுத் தேர்வோ புதிர்த் தேர்வோ மட்டுமே வழியாக இருக்கக்கூடாது என்பது ஒரு விதியாகவே சேர்க்கப்பட்டது. ஓடிபியை நகலெடுத்து ஒட்ட விடுவதும், கைபேசி தானாகவே அதை நிரப்பிக்கொள்வதும், கைரேகையை ஏற்பதும் அந்த விதிக்குப் பொருந்தும். இவை எதுவும் அரிய தொழில்நுட்பம் இல்லை. செய்யலாம் என்று யாராவது நினைத்தால் போதும்.

இன்னொரு எடுத்துக்காட்டு, புதுப்பித்தல். மறதிநோயில் நேற்று நடந்தது முதலில் போகிறது. கை பழகிய வேலை பெரும்பாலும் பிறகுதான் போகிறது. காலையில் யார் வந்தார்கள் என்பதை மறந்துவிட்ட பாட்டி பூக்கட்டும் விரல் வேகத்தை மறந்திருக்கமாட்டார். கைபேசியில் பச்சை நிறப் படம் இடது மூலையில் இருக்கும், அதைத் தொட்டால் மகள் பேசுவாள் என்பதும் அப்படிக் கை கற்றுக்கொண்ட ஒன்று. ஓர் இரவில் மென்பொருள் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. காலையில் பச்சைப் படம் வேறு நிறத்தில் வேறு இடத்தில் இருக்கிறது. நமக்கு அரை நிமிட எரிச்சல். அவருக்கு மகள் இருந்த கதவே சுவராகிவிடுகிறது. இனி புதிதாகக் கற்கவும் முடியாது. யாரும் அவரிடம் கேட்கவில்லை. இந்த இடத்தில் குறை அவர் மூளையில் இருக்கிறது என்று மட்டும் சொல்வது நேர்மையாக இராது.

கைபேசி பேசும் தமிழ்

தமிழ் கற்பிப்பவள் என்பதால் என் கண்ணில் முதலில் படுவது கைபேசி பேசும் தமிழ். “தவறான உள்ளீடு. மீண்டும் முயலவும்.” “உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.” “அமர்வு காலாவதியானது.” இந்த வாக்கியங்களில் செய்பவர் யாரும் இல்லை. நிராகரித்தது யார்? எதற்காக? அடுத்து என்ன செய்வது? செயப்பாட்டுவினை பதில் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறது. அதிகாரம் தன் முகத்தை மறைக்க விரும்பும்போதெல்லாம் இந்த வினைவடிவத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். குற்றம் மட்டும் தெளிவாகப் படிப்பவர்மேல் விழுகிறது: ‘தவறான’ உள்ளீடு.

தூய தமிழில் இருப்பதே எளிய தமிழாகிவிடாது. ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிவிடுவதும் எளிமை இல்லை. ‘அமர்வு காலாவதியானது’ என்பதை ‘நேரம் முடிந்துவிட்டது. உங்கள் பணம் பத்திரமாக இருக்கிறது. மறுபடி தொடங்க இங்கே தொடுங்கள்’ என்று எழுதலாம். மூன்று சின்ன வாக்கியங்கள். நடந்தது என்ன, பயப்பட வேண்டுமா, இனி என்ன. இதைப் படிக்க மறதிநோய் இருக்க வேண்டியதில்லை. முதல் தலைமுறையாக வங்கிக் கணக்கு வைத்திருக்கும் பெண்ணுக்கும், மாதாமாதம் உரிமைத்தொகை வந்ததா என்று குறுஞ்செய்தியைப் பிறரிடம் காட்டிக் கேட்கும் பெண்ணுக்கும் அது பயன்படும். நம் பல்கலைக்கழகங்களில் கலைச்சொல்லாக்கம் பற்றி எத்தனையோ ஆய்வுகள் நடந்திருக்கின்றன. சொல் சரியா என்று பார்த்த அளவுக்கு அந்தச் சொல் யாரை வெளியே நிறுத்துகிறது என்று நாம் பார்க்கவில்லை.

சாவி யார் கையில்?

இதுவரை பேசியது எளிதான பகுதி. எளிமையாக்குங்கள் என்று சொன்னால் யாரும் மறுக்கப்போவதில்லை. சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது.

2023இல் ஆப்பிள் நிறுவனம் ஐஃபோனில் அறிதிறன் குறைபாடுள்ளவர்களுக்காக ‘அசிஸ்டிவ் ஆக்சஸ்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. திரையில் சில பெரிய படங்கள் மட்டும் இருக்கும். எழுத வராதவர் உணர்ச்சிப் படங்களாலோ சிறு காணொளியாகவோ செய்தி அனுப்பலாம். பின்னால் செல்வதற்கான பொத்தான் எப்போதும் கீழே ஒரே இடத்தில் இருக்கும். ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் இத்தகைய முகப்புச் செயலிகள் உண்டு. நல்ல முயற்சிகள்தான். ஆனால் யார் அழைக்கலாம், எந்தச் செயலி இருக்கலாம் என்பதை நம்பிக்கைக்குரிய ஒருவர் அமைத்துத் தருவார். அந்த முறையிலிருந்து வெளியேற ஒரு கடவுக்குறியீடு வேண்டும். அந்தக் குறியீடு பெரும்பாலும் அமைத்துத் தந்தவரிடம் இருக்கும். கைபேசி அவளுடையது, சாவி இன்னொருவருடையது.

பெண்களாகிய நமக்கு இந்த ஏற்பாடு புதிதில்லை. 2016இல் குஜராத்தின் மேசானா மாவட்டத்துக் கிராமம் ஒன்று திருமணமாகாத பெண்கள் கைபேசி வைத்திருக்கக் கூடாது என்று தடை விதித்தது, மீறினால் அபராதம். சொன்ன காரணம் அவர்களுடைய படிப்பும் நலமும். நம் ஊரில் ஊர்க்கூட்டம் கூட்டித் தடை போடுவதில்லை. அண்ணன் கேட்டால் திறந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான். ‘உன் நல்லதுக்குத்தான்’ என்ற வாக்கியத்தின் வரலாறு நீளமானது. 1994இல் புனேயின் சசூன் அரசு மருத்துவமனையில், ஷிரூர் அரசு இல்லத்தைச் சேர்ந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்களுக்குக் கருப்பை அகற்றப்பட்டது. மாதவிடாய் நாட்களில் சுத்தம் பேண அவர்களால் முடியாது, அவர்களின் நன்மைக்கே இது என்று சொல்லப்பட்டது. பெண்கள் அமைப்புகள் தெருவுக்கு வந்து போராடின. அந்தப் பெண்களிடம் யாராவது கேட்டார்களா என்பதுதான் அன்றைய கேள்வி.

2009இல் சண்டிகர் வழக்கில் உச்சநீதிமன்றம் அதற்கு ஒரு பதில் சொன்னது. அரசு இல்லத்தில் வன்புணர்வுக்கு ஆளாகிக் கருவுற்ற, இலேசான அறிவுசார் குறைபாடுள்ள பெண் குழந்தையைப் பெற விரும்பினாள். கருவைக் கலைக்க உயர்நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. அவளுடைய சம்மதம் இன்றி அதைச் செய்யக் கூடாது என்றது உச்சநீதிமன்றம். கருப்பையையும் கைபேசியையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இழப்பின் அளவு வேறு. முடிவை எடுத்துக்கொள்ளும் வாயிலிருந்து வரும் சொற்கள் ஒன்றுதான்: அவளுக்குத் தெரியாது, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

ஆனால் இங்கே நம் பழக்கமான முழக்கத்தோடு கட்டுரையை முடித்துவிட முடியாது. ‘அவள் கைபேசி, அவள் உரிமை, விலகி நில்லுங்கள்’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனால், அன்று மாலை யாரோ ஒருவன் அவளை அழைத்து, பணம் அனுப்புவதாகச் சொல்லி யுபிஐ பின்னை அடிக்கச் சொல்வான். பின் எண் பணம் கொடுக்கத்தான், வாங்குவதற்கு வேண்டியதில்லை என்பது பட்டம் படித்தவர்களுக்கே தெரியாமல் போகிறது. நட்பாகப் பேசிப் படம் அனுப்பச் சொல்பவனும் வருவான். யாரையும் நம்பும் குணம் உள்ள ஒரு மகளின் தாய் இரவில் எழுந்து அவள் கைபேசியைப் பார்க்கிறாள் என்றால், அவளை ஊர்க்கூட்டத்து ஆண்களோடு சேர்த்துவிடுவது அநியாயம். அச்சமும் உண்மை, உரிமையும் உண்மை.

யாரையும் சாராதவர் யார்?

அமெரிக்கத் தத்துவவாதி ஈவா ஃபெடர் கிட்டே இந்த முடிச்சை நெடுங்காலம் சிந்தித்தவர். அவருடைய மகள் சேஷா கடுமையான அறிதிறன் குறைபாடு உள்ளவர், பேசமாட்டார். 1999இல் வெளிவந்த ‘லவ்ஸ் லேபர்’ நூலில் கிட்டே எழுப்பும் கேள்வி அடிப்படையானது. ஜான் ரால்ஸ் முதலானோரின் நீதிக் கோட்பாடுகள் மனிதர்களைச் சுதந்திரமான, சமமான, வாழ்நாள் முழுதும் ஒத்துழைக்கும் திறனுள்ளவர்களாக எடுத்துக்கொண்டு தொடங்குகின்றன. அப்படியானால் சேஷா எங்கே? சேஷாவைக் குளிப்பாட்டி ஊட்டி வாழ்பவர்கள் எங்கே? சார்ந்திருத்தல் மனித வாழ்வில் எப்போதோ நேரும் விபத்து அல்ல; எல்லோரும் அதில் பிறந்து, நோயிலும் முதுமையிலும் அதற்குத் திரும்புகிறோம் என்பது அவர் வாதம்.

கைபேசியையே சான்றாக எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்கு எத்தனை தொலைபேசி எண்கள் மனப்பாடமாகத் தெரியும்? பிறந்தநாளை யார் நினைவூட்டுகிறார்கள்? தெரியாத தெருவில் இடப்பக்கம் திரும்பச் சொல்வது யார்? நம் நினைவையும் திசையறிவையும் கணக்கையும் இந்தக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டு, நம்மைச் ‘சுதந்திரமான பயனர்’ என்று அழைத்துக்கொள்கிறோம். நமக்குத் தேவையான உதவிகள் கருவிக்குள்ளேயே வைத்துச் செய்யப்பட்டதால் அவை உதவியாகத் தெரிவதில்லை. அவளுக்குத் தேவையான உதவி மட்டும் ‘சிறப்பு ஏற்பாடு’ ஆகிறது. உதவி பெறுவதால் ஒருவர் உரிமையை இழப்பார் என்றால் நாம் எல்லோரும் என்றோ இழந்திருப்போம்.

ஆகவே கேள்வி உதவியா சுதந்திரமா என்பதல்ல. உதவி எந்த நிபந்தனையில் வருகிறது என்பதே. இதற்கு நம் சட்டத்திலேயே ஒரு நல்ல வரைவு இருக்கிறது. 21 வகைக் குறைபாடுகளை ஏற்கும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ‘வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்’ என்ற ஏற்பாட்டைச் சொல்கிறது. பாதுகாவலரும் அவரும் பரஸ்பர நம்பிக்கையில் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். அது ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு, ஒரு குறிப்பிட்ட முடிவுக்கு மட்டும். அவருடைய விருப்பத்தின்படி நடக்க வேண்டும். முழு ஆதரவு தேவைப்படுவோருக்கு அதில் விதிவிலக்கு உண்டு என்றாலும், விதி இதுதான். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, சட்டப்படி பாதுகாவலர் உள்ள மாற்றுத்திறனாளியைக் குழந்தையோடு ஒரே பிரிவில் வைத்து, அவருக்குப் பதிலாகப் பாதுகாவலரின் சம்மதத்தைப் பெறச் சொல்கிறது. ஒரு சட்டம் சேர்ந்து முடிவெடு என்கிறது. இன்னொன்று அவளைக் கேட்காமலே முடிவெடுக்க வழி வைக்கிறது. அந்த ‘அது’ சட்டப் புத்தகத்துக்குள்ளும் வந்துவிட்டது.

2016இன் சொற்களைக் கைபேசி செய்பவர்களிடம் கொடுத்தால் என்ன கிடைக்கும்? அம்மா மகளின் செய்திகளைப் பார்க்கலாம் என்று இருந்தால், பார்க்கும்போது மகளின் திரையிலும் ‘அம்மா பார்க்கிறார்’ என்று தெரியும். பணம் அனுப்பவே கூடாது என்ற தடைக்குப் பதிலாக, நாளுக்கு இவ்வளவு என்ற எல்லை இருக்கும். அதற்கு மேல் போனால் ஒரு மணி நேரம் காத்திருந்து போகும், அதற்குள் திரும்பப் பெறலாம். அவள் இருக்குமிடத்தைக் காட்டும் வசதி நிரந்தரமாக இல்லாமல், பேருந்துப் பயணம் முடிந்ததும் தானே அணைந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கைபேசி இருவரிடமும் கேட்கும்: இந்தக் கட்டுப்பாடு இன்னும் வேண்டுமா? தவறு செய்யவும், தவறியதைத் திருத்திக்கொள்ளவும் இடம் உள்ள பாதுகாப்பு இது. எவருமே தவறு செய்யாமல் எதையும் கற்றதில்லை.

அம்மாவின் நேரம்

இன்னொரு ஆளைப் பற்றியும் பேசியாக வேண்டும். ‘நம்பிக்கைக்குரிய ஒருவர் அமைத்துத் தருவார்’ என்று எழுதும்போது அந்த ஒருவர் யார்? பெரும்பாலான வீடுகளில் அவர் தாய், மகள், மருமகள், அக்கா. கடவுச்சொல் மறந்தால், புதுப்பித்தலில் படம் இடம் மாறினால், யாரோ ஏமாற்றிப் பேசினால், எல்லாவற்றையும் சரிசெய்வது அவள். 2019இன் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் செலவிடுவது நாளுக்கு 299 நிமிடம். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். மாமியாரின் ஓய்வூதியக் கணக்கை மூன்றாவது முறையாகத் திறந்துகொடுக்கும் நிமிடங்கள் எந்தக் கணக்கில் சேரும்? நிறுவனம் வடிவமைப்பில் மிச்சம் பிடித்த நேரத்தை ஏதோ ஒரு வீட்டில் ஒரு பெண் கட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் இல்லாத நாளில் அந்தக் கைபேசி வெறும் கண்ணாடித் துண்டு. ‘எனக்கப்புறம் இதை யார் பார்ப்பா?’ என்று தாய்மார்கள் கேட்கும் கேள்விக்குள் இதுவும் அடங்கும்.

ஜோன் ட்ரோன்டோ 1993இல் எழுதிய நூலில் பராமரிப்பை நான்கு கட்டங்களாகப் பிரித்தார். தேவையைக் கவனிப்பது, பொறுப்பேற்பது, செய்வது. நான்காவது, பெறுபவர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று பார்ப்பது. நான்காவது இல்லாமல் முதல் மூன்றும் சரியாக நடந்தனவா என்று தெரியாது. வடிவமைப்பாளர்கள் பராமரிப்பவரிடம் கேட்கிறார்கள், மருத்துவரிடம் கேட்கிறார்கள். அவளிடம் கேட்பது குறைவு. கேட்க நேரமாகும், பதில் சொல்லாக வராமல் போகலாம், முகத்தைத் திருப்பிக்கொள்வதாக வரலாம். அதுவும் பதில்தான்.

சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ போன்ற செயலிகள் பேச வராதவர்கள் படங்களைத் தொட்டுப் பேச உதவுகின்றன. தொட்ட படம் சொல்லாக ஒலிக்கும். இத்தகைய பலகைகளைப் பார்க்கும்போது கவிதை எழுதுபவளாக எனக்கு எழும் கேள்வி, எந்தச் சொற்களை யார் தேர்ந்தெடுத்து வைத்தார்கள் என்பது. தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை, அம்மா, நன்றி ஆகியவை நிச்சயம் இருக்கும். ‘வேண்டாம்’ முதல் பக்கத்தில் இருக்கிறதா? ‘தொடாதே’ இருக்கிறதா? தன் உடலுறுப்புகளின் பெயர்கள் உண்டா? ‘கோபமாக இருக்கிறேன்’, ‘தனியாக விடு’, ‘அவரைப் பிடிக்கவில்லை’ உண்டா? இனிமையான சொற்களை மட்டும் கொடுத்தால், எதற்கும் சம்மதிக்கும் பெண்ணை உருவாக்கிவிட்டு அதற்குத் தொடர்பாற்றல் என்று பெயர் வைத்திருப்போம். பாதுகாப்பு என்று நாம் கவலைப்படும் பலவற்றுக்கும் கண்காணிப்பைவிட இந்த ஒரு சொல் பயன்படும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. கைபேசியை எவ்வளவு எளிதாக்கினாலும் அதைப் பயன்படுத்தவே முடியாதவர்கள் இருப்பார்கள். சேஷா போன்றவர்கள் எந்தப் பொத்தானையும் தொடாமல் முழு மனிதர்களாகவே இருக்கிறார்கள். கண்சிமிட்டிக் காட்டினால்தான் வங்கிக் கணக்கு என்ற நடைமுறையை எதிர்த்து, அமில வீச்சில் உயிர் தப்பிய பிரக்யா பிரசூன் உச்சநீதிமன்றம் போனார். 2025 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்றது. அந்த உரிமைக்கு மறுபக்கமும் வேண்டும். கைபேசி இல்லாமலும் ஓய்வூதியம் வர வேண்டும், அலுவலகத்தில் ஒரு மேசையும் அதன் பின்னால் பொறுமையுள்ள ஒரு மனிதரும் இருக்க வேண்டும். கைபேசி வைத்திருப்பது உரிமை. அதைக் குடிமகளாவதற்கான தகுதியாக்கிவிடக் கூடாது.

ஒரு கைபேசி எத்தனை பேருக்குப் பயன்படுகிறது என்று அளப்பது சந்தையின் அளவுகோல். நம் அளவுகோல் வேறாக இருக்கட்டும். மெதுவாக யோசிப்பவள் அதை எடுத்து, தனக்குப் பிடித்தவரை அழைக்க முடிகிறதா? பிடிக்காதவரை மறுக்க முடிகிறதா? தவறாகத் தொட்டுவிட்டால் அழாமல் திரும்பி வர முடிகிறதா? தான் யாரால் பார்க்கப்படுகிறோம் என்று அவளுக்குத் தெரிகிறதா? இந்த நான்குக்கும் ஆம் என்று சொல்லும் கைபேசி நம் எல்லோருக்கும் இன்றிருப்பதைவிட நல்ல கைபேசியாக இருக்கும். நாளை நினைவு தளரும்போது நமக்கும் அதுதான் வேண்டியிருக்கும்.